மூச்சுப் பிரிப்பான்

சாதி என்ற சொல்லை அரசு ஒழித்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அகராதியிலிருந்து எடுத்தார்கள், பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தார்கள், கல்யாண விளம்பரத்திலிருந்துகூட எடுத்துவிட்டார்கள். சொல் போன பிறகு யார் யாரென்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரு சின்னச் சிக்கல் வந்தது. தென்கடல் காவல் படை அதைச் சுலபமாகத் தீர்த்துக்கொண்டது. ஆட்களைப் பிறந்த தெருவாரியாகப் பிரித்து, முதலாம் அணி தொடங்கி ஏழாம் அணி வரை எண் போட்டது. எண்ணில் என்ன ஏற்றத்தாழ்வு? ஒன்றைவிட ஏழு பெரியது என்று ஓர் அமைச்சர் சட்டமன்றத்தில் விளக்கினார். மேசைகள் நெடுநேரம் தட்டப்பட்டன.

ஹவில்தார் பொன்னுரங்கம் ஏழாம் அணி. அந்தக் கணக்குப்படி படையிலேயே பெரிய ஆட்களில் ஒருவர்.

கடல் ஏறி வந்து விழுங்கிய கரையோர ஊர்களில் போன யுத்தத்தின் கண்ணிவெடிகள் இன்னும் கிடந்தன. மூழ்கிய பஸ் ஸ்டாண்டு, மூழ்கிய கல்யாண மண்டபம், மூழ்கிய தாலுகா ஆபீஸ் என்று ஒவ்வொன்றாகத் துழாவி அவற்றை எடுப்பதுதான் படையின் வேலை. ஆழம் குறைந்த இடங்களில் முதலாம் அணி இறங்கும். ஆழம் கூடக் கூட எண்ணும் கூடும். இப்படியொரு விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஏழாம் அணியினர் போட்டுக்கொண்டு இறங்கும் உடைக்குச் சுண்ணாம்புச் சட்டை என்று பெயர். விட்ட மூச்சை ஒரு சுண்ணாம்புத் தூளில் வடிகட்டி, அதையே திரும்ப இழுக்கக் கொடுக்கும் பழைய உடை. தூளில் ஈரம் பட்டால் அதுவும் மூச்சோடு சேர்ந்து உள்ளே போகும். போன இடத்தை அரிக்கும். பொன்னுரங்கம் இரும ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, கைவேலை ஏதாவது இருந்தால் முடித்துவிட்டு வருவார்கள். அவரோடு படையில் சேர்ந்த ஏழாம் அணிக்காரர்களில் பாதிப் பேர் இருமியே போய்ச் சேர்ந்திருந்தார்கள். இப்போது அணியில் இருந்தவர்கள் எல்லாம் இளசுகள். அவர்களில் அல்லி என்ற பெண்ணுக்கு அண்மையில்தான் லேசாக இருமல் தொடங்கியிருந்தது.

“தூசிண்ணே,” என்பாள்.

பொன்னுரங்கமும் தன் முதல் வருடத்தில் தூசி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அரசின் ஒருங்கிணைப்பு ஆணை வந்தது. இனிமேல் படையில் அணிவாரியாக இறங்குவது கிடையாது. எண் கலந்து இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும். அப்படி இறங்குகிறவர்களுக்குப் புதிதாக இரட்டைச் சட்டை தரப்படும். பார்வையாளர் ஒருவர் அமைச்சகத்திலிருந்து வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியென்றால் சட்டைகள் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் வேறு படைக்குப் போய்விடும்.

இரட்டைச் சட்டை என்றால் என்னவென்று கேப்டன் நப்பின்னை தன் கொட்டகையில் வைத்துப் பொன்னுரங்கத்துக்கு விளக்கினாள். நப்பின்னை கருவிப் பொறியாளர். பொறியாளர்களுக்கு எண் கிடையாது. ஆகவே அவள் எந்தத் தெரு என்று படை முழுவதும் ரகசியமாக விசாரித்துக்கொண்டிருந்தது.

“இந்தத் தொட்டில இருக்கறது பாசி. லேப்ல வளத்தது. நீங்க விடற மூச்ச இது தின்னும், நல்ல காத்தாத் திருப்பிக் குடுக்கும். சுண்ணாம்பு கிண்ணாம்பு எதுவும் கெடையாது.”

“நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதா மேடம்?”

“ஆகாது. ஆனா ஒரு ஆளு மூச்சு இதுக்குப் பத்தாது. தொட்டியத் தொறந்துட்டா ரெண்டு பேரும் விட்டுக்கிட்டே இருக்கணும். இல்லன்னா பசியில மஞ்சளாயிரும், கொஞ்ச நேரத்துல செத்துரும்.”

பொன்னுரங்கம் தொட்டியிலிருந்து கிளம்பும் இரண்டு குழாய்களையும் கண்ணால் பின்தொடர்ந்தார். “அப்ப அவரு விட்டது எனக்கு, நான் விட்டது அவருக்கு.”

“ஆமா.”

“முதலாம் அணிக்கு இது தெரியுமா?”

“நாளைக்குத்தான் சொல்லப் போறேன்,” என்றாள் நப்பின்னை. பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறவளின் முகம் அது.

மறுநாள் சொன்னாள். முதலாம் அணியில் யாரும் சமத்துவத்துக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. நாகரிகமானவர்கள். ஆனால் அன்று மாலைக்குள் அணி முழுவதற்கும் காது வலி வந்துவிட்டது. காது வலி இருந்தால் கடலில் இறங்கக் கூடாது என்பது மருத்துவ விதி. படை மருத்துவர் எல்லோருடைய காதிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இது ஒரு புதுவகைத் தொற்று, மேலெண்களை மட்டும் விட்டுவைக்கிறது என்று முடிவு கூறினார்.

ஒரு வாரம் கழித்து நப்பின்னை பொன்னுரங்கத்தை மறுபடியும் கூப்பிட்டாள். மேசைமேல் வெள்ளிநிறத்தில் வட்டமாக ஒரு பெட்டி இருந்தது. பக்கவாட்டில் ஒரு தாழ்ப்பாள். மூடியின் நடுவில் குட்டியாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

“இது எதுக்கு மேடம்?”

“மூச்சுப் பிரிப்பான். ரெண்டு பேர் மூச்சும் தொட்டிக்குள்ள கலந்துராம இது தனித்தனியாப் பிரிச்சு வெக்கும். அவங்க மூச்சு அவங்களுக்கே திரும்பி வரும். ஒங்க மூச்சு ஒங்களுக்கே.”

“பாக்க இட்லி டப்பா மாதிரி இருக்கு.”

“இட்லி டப்பாதான்.”

பொன்னுரங்கம் மூடியைத் திறந்தார். விளக்குக்கு ஒரு பேட்டரி இருந்தது. வேறு எதுவும் இல்லை.

“காத்தப் பிரிக்க முடியாதுங்க,” என்றாள் நப்பின்னை. அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் போட்டிருந்தது. “தூங்கி நாலஞ்சு நாள் ஆச்சு. மேல எழுதிக் கேட்டேன், ஆணையை எப்படியாவது நிறைவேத்துன்னு பதில் வந்திச்சு. எப்படியாவதுன்னா இப்படித்தான். அவங்ககிட்ட சொல்லிட்டேன். காது வலி எல்லாருக்கும் சரியாயிருச்சு. ஒங்ககிட்டயும் பொய் சொல்லலாம்னு நெனச்சேன், மனசு வரல. வேண்டாம்னா சொல்லிருங்க.”

பொன்னுரங்கம் மூடியைப் பொருத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். தன் மூச்சு ஒருவனுக்கு அருவருப்பு என்பதற்கு அரசாங்கச் செலவில் விளக்குப் போட்டிருக்கிறார்கள். கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் கோபப்படவும் கொஞ்சம் நுரையீரல் வேண்டியிருக்கிறது.

“எங்க புள்ளைங்களுக்கு இந்தச் சட்டை கெடைக்குமில்ல?”

“பார்வையாளர் சரின்னுட்டா எல்லாருக்கும்.”

“அப்ப மாட்டுங்க.”

அவருக்கு ஜோடியாக வந்தவன் முதலாம் அணியின் நாயக் சேந்தன். இருபத்தைந்து வயது இருக்கும். கெட்டவன் இல்லை. ஆனால் பொன்னுரங்கத்தை என்னவென்று கூப்பிடுவது என்பது அவனுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பொன்னுரங்கம் வயதில் மூத்தவர், பதவியிலும் மேலே. ‘சார்’ என்றால் அவன் அணியில் சிரிப்பார்கள். ‘வா, போ’ என்றால் அவனுக்கே கூச்சம். ஆகவே யாரையும் கூப்பிடாமலே பேசக் கற்றுக்கொண்டான். “கயிறு வேணும்.” “கொஞ்சம் நகந்தா நல்லாருக்கும்.” “இறங்கலாம்னு தோணுது.” கடலுக்கடியில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார்கள். ஒருநாளும் அவன் வாயிலிருந்து ஒரு ‘நீங்க’ வரவில்லை. ஒவ்வொரு முறையும் இறங்குமுன் பெட்டியின் விளக்கை மட்டும் குனிந்து பார்த்துக்கொள்வான்.

இரட்டைச் சட்டையில் பொன்னுரங்கத்தின் இருமல் குறைந்தது. ஒருநாள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் இருமவே இல்லை. அதைக் கவனித்துவிட்டு ஏழாம் அணியின் மேசையில் யாரோ அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்கள்.

பார்வையாளர் மெய்கண்டான் வந்தார். வெள்ளைச் சட்டை, குளிர்க் கண்ணாடி. ஒருங்கிணைப்பை நாடே பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பியதால் இரண்டு தலைக்கவசங்களிலும் கேமரா பொருத்தினார்கள். கடலுக்கடியில் நடப்பதும் பேசுவதும் படகின் திரையிலும் அணிகளின் சாப்பாட்டுக் கூடங்களிலும் வீரர்களின் வீடுகளிலும் நேரடியாகத் தெரியும்.

மூழ்கிய பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். டிக்கெட் கவுன்டருக்குள் ஒரு வெடி கிடந்தது. பொன்னுரங்கம் அதன் கம்பியைக் கத்தரித்தார். சேந்தன் வலைப்பையில் போட்டான். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது இட்லி டப்பாவின் பேட்டரி தீர்ந்து, பச்சை விளக்கு அணைந்தது.

சேந்தன் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கழுத்தடியில் இருந்த திருகைப் பிடித்துத் தன் குழாயை அடைத்தான்.

“என்ன தம்பி பண்றீங்க?”

“விளக்கு அணைஞ்சிருச்சு.”

“விளக்குதானே போச்சு? குழாயத் தொறங்க. கவசத்துக்குள்ள எவ்ளோ காத்து இருக்கும்? மேல போறதுக்குள்ள மயங்கிருவீங்க.”

“கலந்திருச்சுல்ல,” என்றான் சேந்தன். “திறக்க முடியாது.”

பொன்னுரங்கம் அவன் கையை விலக்கித் திருகைத் திறக்கப் பார்த்தார். அவன் இரும்புப்பிடியாகப் பிடித்திருந்தான். தொட்டியில் பாசி விளிம்போரம் மஞ்சளாகத் தொடங்கியது. அது செத்தால் அவருக்கும் காற்று இல்லை. சேந்தனின் கவசக் கண்ணாடி உள்ளிருந்து மூடுபனி போட்டிருந்தது. அதற்குப் பின்னால் அவன் வாய் மீனைப் போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மேலே படகில் யாரோ கத்துவது காதில் விழுந்தது.

பெட்டி காலி என்று சொல்லிவிடலாம். மூன்று மாதமாக என் மூச்சைத்தான் நீ குடித்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லலாம். நாடே கேட்கும். அதன் பிறகு இவன் திருகைத் திறக்கப் போவதில்லை. சட்டைகளும் வேறு படைக்குப் போய்விடும்.

“தம்பி, கேளுங்க. ஒங்களுக்குச் சொல்லல போலருக்கு. விளக்கு அணைஞ்சா பெட்டி திசை மாறிக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஒங்க மூச்சு எனக்கு வரும். என் மூச்சு ஒங்களுக்கு வராது, கடல்ல போயிரும். புரியுதா? நான்தான் ஒங்க எச்சிலக் குடிக்கிறேன். நீங்க என்னோடத குடிக்கல.”

சேந்தனின் கை தளரவில்லை.

“ஒங்க எச்சி மூச்ச நான் எடுத்துக்கறேன் தம்பி. மனசாரத்தான் சொல்றேன். எங்களுக்கெல்லாம் அது பழக்கம். தொறங்க.”

திருகு திரும்பியது. குழாயில் காற்று இழுபடும் சத்தம் பொன்னுரங்கத்துக்குக் கேட்டது. இழுத்தவன் இருமி, அழுது, மறுபடி இழுத்தான். பாசி மெல்லப் பச்சையாயிற்று.

மேலே ஏறி வந்தபோது படகில் கைத்தட்டல். மெய்கண்டானுக்குக் கண் கலங்கியிருந்தது. “திசை மாறுற ஏற்பாட்டப் பத்தி அறிக்கையில ஒரு வரிகூட இல்லையே கேப்டன்? எவ்வளவு நுணுக்கமான சிந்தனை! ஆபத்துலகூட ஒருத்தர் மனசும் புண்படக் கூடாதுன்னு யோசிச்சிருக்கீங்க!”

நப்பின்னை பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். பொன்னுரங்கம் கவசத்தைக் கழற்றித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

“நன்றி சார்,” என்றாள் அவள்.

சட்டைகள் இங்கேயே நின்றன. ஏழாம் அணியில் ஆளுக்கொன்று வந்தது. அல்லி தன்னுடையதை மார்போடு வைத்து அளவு பார்த்துச் சிரித்தாள். கூடவே இன்னொன்றும் வந்தது. பொன்னுரங்கம் கடலுக்கடியில் சொன்னது அமைச்சகத்துக்கு ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது. அதைக் கொஞ்சம் இலக்கணம் திருத்தி உறுதிமொழியாக்கினார்கள். ‘தோழரின் மூச்சை நான் மனமுவந்து ஏற்கிறேன்’ என்று இறங்குமுன் ஒலிவாங்கியில் உரக்கச் சொல்ல வேண்டும். இருவரும் சொல்லத் தேவையில்லை. எண்ணில் பெரியவர் சொன்னால் போதும்.

உறுதிமொழியோடு நடக்கவிருந்த முதல் இறக்கத்துக்கு முந்தின நாள் மத்தியானம், படகின் பின்பக்கம் பொன்னுரங்கம் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். சேந்தன் வந்து நின்றான். சுற்றும்முற்றும் பார்த்தான்.

“அண்ணே,” என்றான்.

பொன்னுரங்கம் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“ஒங்களத்தாண்ணே. ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டிய மொத வாரமே தொறந்து பாத்துட்டேன். உள்ள ஒரு பேட்டரி இருந்திச்சு. லேசா சாம்பார் வாசன.”

பொன்னுரங்கத்தின் கை கயிற்றிலேயே நின்றது. “தெரிஞ்சேவா மூணு மாசம் எறங்குனீங்க?”

“மூச்சுதானேண்ணே. மூச்சுல என்ன இருக்கு.”

“பின்ன அன்னைக்கு ஏன் குழாய அடச்சீங்க?”

“கேமரா இருந்துச்சே. எங்க அப்பா பாத்துட்டிருந்தாரு. மாமா, பொண்ணு பேசி வெச்சிருக்கற வீட்டுக்காரங்க, எங்க அணி மொத்தமும் பாத்துட்டிருந்தாங்க. விளக்கு அணைஞ்சதையும் எல்லாரும் பாத்துட்டாங்க. அதுக்கப்புறமும் நான் மூச்சு இழுத்திருந்தா வீட்டுக்கே போக முடியாது. நீங்க எதாவது சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

“சொல்லலன்னா?”

சேந்தன் கடலைப் பார்த்தான். “செத்திருப்பேன்னு நெனைக்கறேன்.”

“நானும்ல செத்திருப்பேன்?”

“ஆமா. அது அப்பறமாத்தான் தோணிச்சு. அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்க வந்தேன்.” கயிற்றின் மறுமுனையைக் கையில் எடுத்தான். “உங்க அணியிலயும் பெட்டியப் பத்தித் தெரியுமா?”

“தெரியும்.”

“எங்க அணியிலயும் தெரியும்ணே. யாரும் சொல்லிக்கறதில்ல.”

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது இருமலாக மாறிவிட்டது. சேந்தன் போய்விடாமல், அவர் இருமி முடிக்கும்வரை நின்றான்.

மறுநாள் காலை எல்லா ஜோடிகளும் படகின் தளத்தில் வரிசையாக நின்றார்கள். தொட்டிகள் திறக்கப்பட்டன. கேமராக்கள் ஓடின. வரிசையில் முதலில் அல்லி. அவளுடைய ஜோடி முதலாம் அணியின் பையன் ஒருவன், கையில் குழாயோடு காத்திருந்தான்.

“உறுதிமொழி,” என்றார் மெய்கண்டான், ஒலிவாங்கியை நீட்டி.

“நான் சொல்ல மாட்டேன்,” என்றாள் அல்லி.

“என்னம்மா?”

“மூச்சு விடறேன் சார். வெடி எடுக்கறேன். இத மட்டும் சொல்ல மாட்டேன்.”

அவள் இரட்டைச் சட்டையைக் கழுத்து வளையத்தோடு கழற்றி, மடித்து, தளத்தில் வைத்தாள். கொட்டகைக்குப் போய்ச் சுண்ணாம்புச் சட்டையோடு திரும்பி வந்தாள். பொன்னுரங்கம் வரிசையை விட்டு வெளியே வந்து அவளை மறித்தார்.

“ஒரு வரிதானே அல்லி. சொல்லிட்டுப் போயேன். இந்தச் சட்டைக்காக நான் எவ்வளவு...”

“நீங்க ஒரு உசுரக் காப்பாத்தச் சொன்னீங்கண்ணே. நான் யார் உசுரக் காப்பாத்த இதச் சொல்லணும்?”

ஏழாம் அணி மொத்தமும் பொன்னுரங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அல்லி சுண்ணாம்புச் சட்டையைத் தலைவழியாக மாட்டினாள். வெள்ளைத் தூள் உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. அவள் இருமினாள். தூசி என்று இந்த முறை சொல்லவில்லை.

மெய்கண்டான் வருத்தமாகத் தலையை ஆட்டினார். “அரசாங்கம் சமத்துவத்தக் கையில கொண்டாந்து குடுக்குது. ஒங்க ஆளுங்களே வேண்டாங்கறாங்களே ஹவில்தார்? ஏழாம் அணி ஒருங்கிணைப்புக்கு ஒத்துழைக்கலன்னுதான் நான் எழுத வேண்டியிருக்கும். சட்டையெல்லாம் போயிரும், யோசிச்சுக்குங்க.”

பொன்னுரங்கம் யோசித்தார். ரொம்ப நேரம் ஆகவில்லை. அல்லியின் சுண்ணாம்புச் சட்டையின் பொத்தானை அவரே அவிழ்த்தார்.

“கழட்டு. இதையும் போட வேணாம்.”

“அப்ப எதப் போட்டுக்கிட்டு எறங்கறது?”

“இன்னிக்கு யாரும் எறங்கல.” தன் குழாயையும் தொட்டியிலிருந்து பிடுங்கினார். “எழுதிக்குங்க சார்.”

ஏழாம் அணிக்காரர்கள் ஒவ்வொருவராகக் குழாயைப் பிடுங்கும் சத்தம் தளத்தில் டப் டப்பென்று கேட்டது. எதிரே முதலாம் அணி தங்கள் பக்கத்துக் குழாய்களைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜோடி இல்லாமல் இறங்க முடியாது. சுண்ணாம்புச் சட்டை போட அவர்களுக்குப் பழக்கமும் இல்லை.

“அண்ணே,” என்றான் சேந்தன் தாழ்ந்த குரலில். “பாசி மஞ்சளாகுது.”

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அந்த ‘அண்ணே’ எல்லாக் கூடங்களுக்கும் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சொன்ன பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. காது சிவந்துபோயிற்று.

“ஆகட்டும்,” என்றார் பொன்னுரங்கம். “ஒங்க பெட்டிய அந்தக் கேமரா முன்னாடி தொறந்து காட்டுங்க தம்பி. காட்டிட்டு வாங்க, எறங்கலாம். நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.”

மெய்கண்டான் நப்பின்னை பக்கம் திரும்பினார். “பெட்டிக்குள்ள என்ன இருக்கு?” நப்பின்னை ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்து, பல நாள் கழித்துத் தூங்கப் போகிறவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சேந்தன் பெட்டியைக் கையில் எடுத்தான். புதிய பேட்டரி போட்டிருந்தார்கள், விளக்கு பளிச்சென்று எரிந்தது. கட்டைவிரல் தாழ்ப்பாளின் மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

பொன்னுரங்கம் ஒரு கயிற்றுச் சுருளைத் தேடிப் பிடித்து அதன்மேல் உட்கார்ந்தார். அல்லிக்கும் பக்கத்தில் இடம் விட்டார். பாசி முழுதாகச் சாக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை உட்காரலாம்.